கனவுக்குள் விழித்துக்கொள்வதும் உடலைவிட்டு வெளியேறிப் பார்ப்பதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்து, மல்லாந்து படுத்து, "இதோ உடலைவிட்டு வெளியே வரப்போகிறேன்" என்று மூச்சைக் கட்டிக்கொண்டு கிடப்பதை முதலில் நிறுத்துங்கள். ஆஸ்ட்ரல் ட்ராவல் சொல்லித்தரும் வீடியோக்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. இதில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது நல்ல தூக்கம், இல்லாவிட்டால் முதுகுவலி. மன உறுதி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நேரம்தான் தப்பு.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் என்ற கட்டம் வரும்: மூடிய இமைக்குள் விழிகள் இங்குமங்கும் ஓடும், மூளை கிட்டத்தட்ட விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இருக்கும், கைகால் தசைகள் மட்டும் செயலற்றுக் கிடக்கும். கதை போல நீளும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கத்துக்கே முதலிடம். முதல் ரெம் பத்து நிமிடம் நீடித்தாலே பெரிது. விடியற்காலையில் அதே கட்டம் அரைமணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட நீளும். பதினொரு மணிக்குத் தூங்குபவருக்கு நாலு மணியிலிருந்து ஏழு மணிவரைதான் வேலை நடக்கிற நேரம். கீழே சொல்லப்படும் இரவு முறைகள் எல்லாமே அந்த மூன்று மணி நேரத்துக்கானவை.

இரண்டும் வேறுவேறா?

'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்வது லூசிட் கனவு. இதில் மர்மம் எதுவும் மிச்சமில்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், தூங்கிக்கொண்டிருந்த ஆலன் வோர்ஸ்லியின் கண் அசைவுகளைப் பதிவு செய்தார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை முறை ஆட்ட வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். ரெம் தூக்கத்தின் நடுவில் அந்த அசைவு கருவியில் அப்படியே விழுந்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் இதையே தனியாக நிரூபித்தார். 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வகங்கள் ஒருபடி மேலே போயின. தூங்குபவரிடம் "எட்டிலிருந்து ஆறு போனால்?" என்று கேட்டார்கள், அவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இரண்டு முறை ஆட்டிப் பதில் சொன்னார்.

உடலைவிட்டு வெளியேறும் அனுபவம் அதே வாசலின் இன்னொரு பக்கம். விழிப்பிலிருந்து ரெம்முக்குள் நினைவு அறாமல் நுழையும்போது, அல்லது ரெம்மிலிருந்து பாதி விழித்த நிலையில், உடல் அதிர்கிறது, மிதக்கிறது, படுக்கையைவிட்டு எழுந்து நிற்கிறது என்று தோன்றும். கனவின் களமாக உங்கள் படுக்கையறையே அமைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் சிலருக்குத் தங்கள் உடலே கட்டிலில் கிடப்பது தெரியும். 2002-இல் ஜெனிவாவில் ஓலாஃப் பிளாங்க்கின் குழு, வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லேசான மின்தூண்டல் கொடுத்தபோது, தன்னையே மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். உடலின் இருப்பிடத்தைக் கணக்கிடும் மூளைப்பகுதி தடுமாறினால் இப்படி ஆகும் என்பதற்கு அது வலுவான சான்று.

"அப்படியானால் ஆன்மா வெளியே போவதில்லையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் ஊரில் திருமூலர் மூலன் உடலில் புகுந்த கதை கேட்டு வளராதவர் குறைவு. அந்த நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. பயிற்சிக்கு அதைச் சுமந்து வரவும் வேண்டியதில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் வீட்டில் யாரையாவது ஐந்து இலக்க எண் ஒன்றைத் தாளில் எழுதி, நீங்கள் பார்க்காதபடி பீரோவின் மேல் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் போய்ப் படியுங்கள், விழித்ததும் எழுதி ஒப்பிடுங்கள். மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்டவர்களிடம் இதே யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள்: மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி பலகைகளில் படங்கள் வைத்தார்கள். 2014-இல் முடிவு வெளியானபோது அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அதனால் அனுபவம் பொய்யாகிவிடாது. அது நடக்கும் இடம் எது என்பதுதான் பிரச்சினை.

யார் இதில் இறங்கக்கூடாது

மனச்சிதைவு, பைபோலார் போன்ற நோய்களுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள், நிஜம் எது என்பதில் அடிக்கடி குழப்பம் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் வராமல் தவிப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யட்டும். மறுநாள் காலை வண்டி ஓட்டுவதோ இயந்திரத்தில் நிற்பதோ வேலையாக இருந்தால், அந்த இரவு அலாரம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: கனவு நோட்டு

கனவே நினைவில் நிற்காதவருக்கு லூசிட் கனவு வந்தாலும் காலையில் காணாமல் போயிருக்கும். அதனால் முதல் வேலை ஒரு நோட்டும் பேனாவும். தலையணைப் பக்கத்தில் வையுங்கள். செல்போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். திறந்ததும் மூன்று வாட்ஸ்அப் செய்தி தெரியும், கனவு அந்த நொடியே போய்விடும்.

எழுதுவதைவிட முக்கியம் எழுதுவதற்கு முந்தைய ஒரு நிமிடம். விழித்ததும் புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். கடைசியாக என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: அதற்கு முன் எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன். ஒன்றும் வராவிட்டால் எந்த உணர்ச்சியோடு விழித்தீர்கள் என்று பாருங்கள். பயமா, அவசரமா, வெட்கமா? உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் காட்சி பெரும்பாலும் பின்னாலேயே வரும். அப்படியும் வராவிட்டால், விழித்தபோது படுத்திருந்த நிலையிலிருந்து மெதுவாக மறுபக்கம் திரும்பி மறுபடி கேளுங்கள். பிறகு நாலைந்து சொற்களில் குறித்துவிட்டு, அதன்பின் விரிவாக எழுதலாம்.

தினம் ஒரு கனவாவது எழுத முடிகிற நிலைக்கு வந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை அடிக்கோடிடுங்கள்: படிக்காமல் உட்கார்ந்திருக்கும் பரீட்சை ஹால், இறந்துபோன தாத்தா திண்ணையில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பது, எண் அழுத்த வராத செல்போன், விற்றுவிட்ட பழைய வீடு. இவைதான் உங்கள் கனவுக்குறிகள். அடுத்த எல்லாப் படிகளுக்கும் இந்தப் பட்டியல் தேவை.

பகலில் செய்யும் சோதனை

விழித்திருக்கும்போது "இது கனவா?" என்று சோதித்துப் பழகினால் அந்தப் பழக்கம் கனவிலும் தலைகாட்டும் என்பதுதான் யோசனை. நம்பகமானது மூக்குச் சோதனை. வாயை மூடி, இரண்டு விரலால் மூக்கை அடைத்து, மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். நிஜத்தில் காற்று வராது. கனவில் சர்வசாதாரணமாக வரும். காரணம் எளிது: நீங்கள் அடைத்திருப்பது கனவு மூக்கை, கட்டிலில் கிடக்கும் உடலின் மூக்கு திறந்தே இருக்கிறது, ரெம்மில் மற்ற தசைகள் ஓய்ந்தாலும் உதரவிதானம் வேலையை நிறுத்துவதில்லை.

இன்னொன்று எழுத்துச் சோதனை. ஒரு பலகையையோ கடிகாரத்தையோ படியுங்கள், பார்வையைத் திருப்புங்கள், மறுபடி படியுங்கள். கனவில் இரண்டாம் முறை எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். விரல்களை எண்ணுவதும், உள்ளங்கைக்குள் மறுகை விரலைக் குத்திப் பார்ப்பதும் உண்டு. கிள்ளிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள்; கனவிலும் வலிக்கலாம்.

எதற்கும் ஒரே சோதனையோடு நிறுத்த வேண்டாம், இரண்டு செய்யுங்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து முறை போதும். மணிக்கணக்கு வைத்துச் செய்வதைவிடக் கனவுக்குறியோடு கட்டிவிடுங்கள்: பள்ளிக்கூடத்தைக் கடந்தால், போன் சிக்கினால், யாராவது விசித்திரமாகப் பேசினால்.

சோதனை வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மூக்கைப் பிடிக்கும் முன்பே "இது நிஜம்தான்" என்று முடிவு செய்துவிடுகிறோம். பகலில் அப்படிச் செய்தால் கனவிலும் அப்படியே செய்வோம். பறக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துவிட்டு "சரி, நிஜம்தான்" என்று இறங்கிப் போவோம். ரெம்மில், எடைபோட்டுப் பார்க்கும் முன்மூளைப் பகுதி மந்தமாகத்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் சோதிப்பதற்கு முன் பத்து விநாடி நின்று, "இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிடம் முன்பு எங்கே இருந்தேன்?" என்று கேளுங்கள். நிஜத்துக்கு ஒரு தொடர்ச்சி இருக்கும். கனவு நடுவிலிருந்தே தொடங்கியிருக்கும்.

பகல் சோதனை மட்டும் செய்துவிட்டுக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வும் அதையே காட்டியது. பகல் சோதனை, விடிகாலையில் எழுந்து மறுபடி தூங்குவது, மைல்ட் என்ற நினைவுப் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 17 சதவீத வெற்றி. மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 46 சதவீதம். இந்த 'ஐந்து நிமிடத்துக்குள்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விடிகாலை அலாரமும் மைல்ட்டும்

தூங்கி ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் வையுங்கள். ஒலியைக் குறைத்து அதிர்வில் போட்டால் வீட்டாரின் வசவு மிச்சம். எழுந்ததும் கனவு நினைவிருந்தால் குறியுங்கள். பாத்ரூம் போய்வாருங்கள், இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள், மங்கலான வெளிச்சத்தில் கனவு நோட்டைப் படியுங்கள். காபி வேண்டாம், போன் திரை வேண்டாம்.

எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தலை வைத்ததும் தூங்கிவிடுபவர் அரைமணி நேரம் உட்காரலாம். லேசாகத் தூங்குபவருக்குப் பத்து நிமிடமே அதிகம். அவர் அரைமணி உட்கார்ந்தால் பால்காரர் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். படுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தூக்கம் வரவில்லையானால், அடுத்த முறை விழித்திருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

படுத்தபின் மைல்ட். இது லாபெர்ஜ் வகுத்தது.

1. சற்றுமுன் கண்ட கனவை, இல்லையென்றால் சமீபத்தில் கண்ட ஒன்றை, நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.
2. அதில் நிஜத்தில் நடக்கவே முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொள்வோம்.
3. மறுபடி அந்தக் கனவுக்குள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். தாத்தாவைப் பார்த்ததும் "இவர் இறந்துவிட்டாரே, அப்படியானால் இது கனவு" என்று நின்று மூக்கைப் பிடிப்பதாக, காற்று வருவதாக, அடுத்து என்ன செய்வீர்கள் என்பதுவரை.
4. "அடுத்த கனவில் இது கனவு என்பதை நினைவில் கொள்வேன்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். மந்திரம்போல உருப்போடாமல், திரும்பி வரும்போது உப்பு வாங்கிவர வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும் அதே தொனியில்.
5. மனம் வேறெங்காவது போனால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். தூங்கும் முன் கடைசி எண்ணம் இதுவாக இருந்தால் போதும்.

வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் அலாரம் வைக்காதீர்கள், அதுவும் மறுநாள் நேரம் கழித்து எழ முடிகிற இரவுகளில். தூக்கக் கடன் ஏறினால் உடல் ஆழ்ந்த தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், கனவு நினைவும் மங்கும்.

வெளியேறிப் பார்ப்பது

மேலே சொன்னது கைவந்தபின் இதற்கு வரலாம். புதியவர்களுக்கு எளிதானது, விழிக்கும் கணத்தையே பயன்படுத்துவது. விடிகாலை அலாரத்துக்குப் பின் மறுபடி தூங்கினால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் பலமுறை தானாகவே விழிப்பு தட்டும். அப்போது அசையாமல், கண் திறக்காமல், உடனே உருளப் பாருங்கள். தசையை முறுக்காமல், உருளும் உணர்வை மட்டும். படுக்கையிலிருந்து பக்கவாட்டில் புரண்டு விழுவதாக உணர்ந்தால், விழுந்து எழுந்து நில்லுங்கள், வெளியே வந்துவிட்டீர்கள்.

வரவில்லையா, மூன்றிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒரு உணர்வாக மாற்றிக்கொண்டே போங்கள். தலைக்கு மேலே தொங்கும் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து ஏறும் உணர்வு. முகத்துக்கு முன் இரண்டு கையையும் தேய்க்கும் உணர்வு. மிதந்து எழும் உணர்வு. எதிலாவது லேசாக நிஜத்தன்மை தட்டினால் அதையே பிடித்துக்கொண்டு வலுவாக்குங்கள். மொத்தம் ஒரு நிமிடம் கொடுங்கள். அதற்குள் எதுவும் ஆகாவிட்டால் அப்படியே தூங்கிவிட்டு அடுத்த விழிப்பில் முயலுங்கள். ஐந்து நிமிடம் போராடுவதால் கிடைப்பது முழு விழிப்பு மட்டுமே.

நேரடியாக, விழிப்பிலிருந்தே நுழைவது கடினம். அதற்கும் விடிகாலை அலாரம் வேண்டும். மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துப் படுங்கள். உடலைத் தளர்த்திவிட்டு மூச்சை மட்டும் எண்ணுங்கள். முதலில் வண்ணப் பொட்டுகள், முகங்கள் வரும். பிறகு ரீங்காரம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கதவு அடித்துச் சாத்தும் சத்தம். உடல் முழுக்க மின்சாரம்போல அதிர்வு ஓடலாம். அங்கேதான் எல்லோரும் பதறுகிறார்கள், இதயம் படபடக்கிறது, எல்லாம் கலைகிறது. அதிர்வு உங்களை எதுவும் செய்யாது. அது உச்சத்துக்கு வந்து சீராகும்வரை காத்திருந்து உருளுங்கள். அரிப்பு எடுத்தால் சொறிந்துவிட்டுத் தொடருங்கள். அடக்கிக்கொண்டு கிடந்தால் அரிப்பைத்தான் தியானிப்பீர்கள்.

வெளியே வந்ததும் பார்வை இருட்டாக இருக்கலாம். கண்ணைத் திறக்க முயலாதீர்கள், நிஜக் கண் திறந்துவிடும். சுவரைத் தடவுங்கள், கைகளைத் தேய்த்து நெருக்கத்தில் உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். தொடுவுணர்வு கூடக்கூடக் காட்சி தானே தெளியும். கட்டிலைவிட்டு விலகிப் போங்கள். கிடக்கும் உடலையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் மூச்சும் பாரமும் நினைவுக்கு வந்து உள்ளே இழுத்துவிடும். கனவு மங்கினால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலுங்கள், அல்லது மறுபடி கைகளைத் தேயுங்கள். முதல் சில அனுபவங்கள் அரை நிமிடம் நீடித்தாலே நல்ல கணக்கு. எங்கே போவது என்பதைப் படுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே நின்று யோசித்தால் நேரம் போய்விடும். விழித்துக்கொள்ள வேண்டுமானால் ஒரே புள்ளியை உற்றுப் பாருங்கள்.

அமுக்குவான் பேய்

விழிப்பு வந்தும் உடல் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும், அறையில் ஒரு ஆள் நிற்பார். நம் பாட்டிமார் சொன்ன அமுக்குவான் இதுதான். ரெம்மின் தசைத் தளர்வு நீங்கும் முன்பே மூளை விழித்துவிட்டது, அவ்வளவே. தானாக ஓடும் மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்ப்பதால்தான் நெஞ்சு அமுங்குவதாகத் தோன்றுகிறது, மூச்சு நிற்பதில்லை. பெரும்பாலும் சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் விலகிவிடும். மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். பயம் இல்லாவிட்டால் அந்த நிலையிலிருந்தே உருளலாம். வெளியேற இதைவிட நல்ல இடம் கிடையாது. அடிக்கடி வந்து தொந்தரவு செய்தால் மல்லாந்து படுப்பதை நிறுத்துங்கள், தூக்க நேரத்தை ஒழுங்காக்குங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்ற சிக்கல்கள்

விழித்து, பல் தேய்த்து, ஆபீஸ் கிளம்பி, அதுவும் கனவாக முடிவது பொய் விழிப்பு. அதனால் ஒவ்வொரு முறை படுக்கையைவிட்டு எழும்போதும் முதல் வேலையாக மூக்குச் சோதனை செய்யுங்கள். தவறவிட்ட லூசிட் கனவுகளில் பல இங்கேதான் தவறுகின்றன.

மது ரெம்மைக் குறைக்கும், கஞ்சாவும் அப்படியே. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் குறைக்கும். ஆனால் கனவுக்காக மாத்திரையை நிறுத்துவது முட்டாள்தனம். கனவு தெளிவாக வருமென்று வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் நாள்கணக்காக விழுங்கினால் நரம்பு பாதிக்கும். இணையத்தில் பரிந்துரைக்கப்படும் கேலன்டமின் மறதி நோய்க்கான மருந்து. ஆய்வகத்தில் அது பலன் தந்திருப்பது உண்மை; அதற்காக மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருளாகிவிடாது.

ஒவ்வொரு முயற்சிக்கும் நாலு விஷயம் குறியுங்கள்: எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எத்தனை நிமிடம் விழித்திருந்தீர்கள், எந்தப் பக்கம் படுத்தீர்கள், மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆயிற்று. ஒரு மாதம் ஒன்றும் நடக்காவிட்டால் அந்த நாலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் மாற்ற வேண்டியது அலாரம்: ஐந்து மணி நேரத்துக்குப் பதில் ஆறு.